‘செல்’ என்ற சொல் வரும்போது எந்தச் செல் என்று கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் உள்ள அறிவியல், தொழில்நுட்ப நூல்களைப் படிக்கத் தொடங்குகிறவர்களும் அவற்றைத் தமிழாக்கத் தொடங்குகிறவர்களும் நீளமான கலைச்சொற்களைக் கண்டே அஞ்சுகிறார்கள். உண்மையில் அவற்றால் பெரிய தீங்கு நேர்வதில்லை. ‘மைட்டோகாண்ட்ரியா’ என்பதற்குப் பொருள் தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். உடனே அகராதியைத் தேடுவோம். ‘செல்’ போன்ற சின்னஞ்சிறு சொல்லோ ஏற்கெனவே தெரிந்த சொல் என்ற நம்பிக்கையைத் தந்துவிடுவதால், நாம் நிற்காமல் அதைக் கடந்து போகிறோம். தவறான பொருளை உள்ளே வாங்கிக்கொண்டு இரண்டு பத்தி தள்ளி வந்தபிறகே ஏதோ பொருந்தவில்லை என்று உணர்கிறோம். உயிரியல், மின்வேதியியல், தொலைத்தொடர்பு, கணினி, படிகவியல், வானிலையியல், சிறைத்துறை, உளவுத்துறை என்று இத்தனை துறைகளிலும் இந்த ஒரே சொல் வெவ்வேறு பொருளில் புழங்குகிறது. பொருள்களையெல்லாம் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் இல்லாத புதிய பயன்பாடு ஒன்று வந்தால் மனப்பாடம் கைகொடுக்காது. சொல்லைச் சுற்றியுள்ள தடயங்களைக் கொண்டு பொருளைக் கண்டறியும் பழக்கமே நிலையாக உதவும். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வேர்ப்பொருளிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த ஆங்கிலச் சொல், சிற்றறை என்று பொருள்படும் ‘செல்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துறவி தனித்துத் தங்கும் மடத்து அறையும், கைதியை அடைக்கும் கொட்டடியும், தேனடையின் ஒவ்வொரு கண்ணும் இந்த முதற்பொருளோடு ஒட்டியே நிற்பவை. அவற்றில் குழப்பத்துக்கு இடமில்லை.

உயிரியலுக்குள் இச்சொல் நுழைந்த விதம் சற்று நின்று பார்க்கத் தக்கது. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, தேனடைக் கண்களைப் போல நெருங்கி அமைந்த வெற்றறைகள் அவருக்குத் தெரிந்தன. ஓர் அங்குல நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கக் கண்டு, ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கும் மேல் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அவர் பார்த்தவற்றில் உயிர் இல்லை. உள்ளிருந்தவை அழிந்து, சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1838, 1839 ஆம் ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்ற கொள்கையை முன்வைத்தபிறகே, வெற்றறையைக் குறித்த சொல் உயிரின் அடிப்படை அலகைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றது. விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு என்று படிக்கும்போது ‘பிறகு இதை ஏன் அறை என்கிறார்கள்’ என்று எழும் ஐயம் இந்த வரலாறு தெரிந்தால் தீர்ந்துவிடும்.

வேர்ப்பொருளிலிருந்து நமக்கு வேண்டியவை மூன்று கேள்விகள். இங்கே எல்லையாக இருப்பது எது? எல்லைக்கு உள்ளே இருப்பது எது? இதைப் போன்றவை பல சேர்ந்தால் உண்டாவது எது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், அதுவரை கேள்விப்படாத துறையில் இச்சொல் வந்தாலும் அதன் பொருள் பிடிபட்டுவிடும்.

கைபேசியை எடுத்துக்கொள்வோம். செல்போன் என்ற பெயரிலுள்ள ‘செல்’ உள்ளேயிருக்கும் மின்கலத்தைக் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியன்று. ஒரு பெரிய நிலப்பரப்பைச் சிறு சிறு பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையம் அமைத்து, ஒன்றுக்கொன்று தொலைவாக உள்ள பரப்புகளில் அதே அலைவரிசைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 1947-இல் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் அறுகோணங்களாக வரையப்பட்டது. அந்தப் பரப்பு ஒவ்வொன்றுமே செல். அதற்குச் சுவர் எதுவும் இல்லை. ஒரு கோபுரத்தின் அலைவலிமை குறைந்து பக்கத்துக் கோபுரத்தின் வலிமை மேலோங்கும் இடமே அதன் எல்லை. பேசிக்கொண்டே அந்த எல்லையைக் கடக்கிறவரின் அழைப்பு ஒரு கோபுரத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. உள்ளே இருப்பவை அந்த நேரத்தில் அக்கோபுரத்தோடு இணைந்துள்ள கருவிகள். பல சேர்ந்தால் உண்டாவது வலையமைப்பு.

‘ஸ்லீப்பர் செல்’ என்ற தொடரையும் இதே கேள்விகளால் திறக்கலாம். இரகசிய இயக்கங்களில் ஒரு சிறு குழுவில் இருப்பவர்கள் அடுத்த குழுவில் இருப்பவர்களை அறியாதபடி அமைத்திருப்பார்கள். ஒருவர் பிடிபட்டாலும் முழு அமைப்பும் வெளிப்படாது. அங்கே எல்லையாக நிற்பது தகவல். வானிலையியலில் ‘ஹேட்லி செல்’ என்பது நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று, உயரத்தில் துருவத்திசையில் நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அகலாங்கில் கீழிறங்கி, தரையை ஒட்டித் திரும்பி வரும் சுழற்சியைக் குறிக்கிறது. மேலெழும் இடமும் கீழிறங்கும் இடமுமே அதன் எல்லைகள். விரிதாளில் ஒரு நெடுவரிசையும் ஒரு கிடைவரிசையும் சந்திக்கும் கட்டம் செல் எனப்படுவதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பதைப் பாருங்கள்

இச்சொல் தனித்து வருவது குறைவு. பின்னால் ‘பிரிதல்’, ‘சுவர்’, ‘கரு’, ‘வளர்ப்பு’ ஆகியவை வந்தால் உயிரியல்; ‘மின்னழுத்தம்’, ‘திறன்’, ‘மின்னேற்றம்’ வந்தால் மின்வேதியியல்; ‘கோபுரம்’, ‘அலைவரிசை’, ‘கைமாற்றம்’ வந்தால் தொலைத்தொடர்பு; ‘வாய்பாடு’, ‘நெடுவரிசை’, ‘வடிவூட்டல்’ வந்தால் விரிதாள். முன்னால் வரும் சொல் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். ‘யூனிட் செல்’ என்றால் படிகவியலின் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் மிகச் சிறிய அமைப்பு. ‘லோடு செல்’ என்றால் எடைபார்க்கும் கருவிகளில் விசையை மின்குறிப்பாக மாற்றும் உணரி. ‘சூப்பர் செல்’ என்றால் சுழன்றபடி மேலெழும் காற்றோட்டத்தைக் கொண்ட கடும் இடிமழை மேகம். ‘டி (T) செல்’, ‘பி (B) செல்’ என்று வந்தால் நோயெதிர்ப்பியல்.

வினைச்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். செல் பிரிகிறது, பெருகுகிறது, இறக்கிறது என்றால் உயிருள்ளது. மின்னேற்றப்படுகிறது, கசிகிறது, வீங்குகிறது என்றால் பெரும்பாலும் மின்கலம். ஆனால் ‘வீங்குகிறது’ என்ற வினை உயிரியலிலும் வரும், ஏனெனில் உப்புச்செறிவு குறைந்த நீர்மத்தில் இட்ட சிவப்பணுவும் நீரை உள்வாங்கி வீங்கும். ஆகவே ஒற்றைத் தடயத்தோடு முடிவுக்கு வந்துவிடாமல் இரண்டாவது தடயத்தையும் தேடுங்கள். அது பெரும்பாலும் அதே வாக்கியத்திலேயே எண்ணும் அலகுமாக இருக்கும்.

மூன்றாம் படி: அலகைப் பாருங்கள்

எனக்கு மிகவும் நம்பகமான தடயம் இதுவே. சமையலுப்புப் படிகத்தின் அலகுக்கூட்டின் விளிம்பு 0.564 நானோமீட்டர். மனிதச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். சுவர்க்கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு மின்கலத்தின் நீளம் 50 மில்லிமீட்டரை ஒட்டியது. ஊர்ப்புறத்தில் ஒரு கைபேசிக் கோபுரத்தின் செல் சில கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல் விரிந்திருக்கும். ஹேட்லி சுழற்சியோ நிலநடுக்கோட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வரை எட்டும். நீளத்தின் அலகை மட்டும் பார்த்தே, இடையிலுள்ள வேறு சொற்கள் ஒன்றுகூடப் புரியாத நிலையிலும், எந்தத் துறைக்குள் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

நீளம் தரப்படாத இடத்தில் வேறு அலகுகள் இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை இலட்சம் என்றால் உயிரியல். வோல்ட் என்றால் மின்கலம். அதிலும் எண் இன்னும் நுட்பமாகப் பேசும். சாதாரண உலர்மின்கலம் 1.5 வோல்ட், காரீய அமில வகை ஏறத்தாழ 2 வோல்ட், லித்தியம் அயனி வகை 3.6 அல்லது 3.7 வோல்ட். மில்லிவோல்ட்டில் எதிர்க்குறியோடு, ‘−70’ என்பது போல ஒரு எண் வந்தால் மின்கலத்தை விட்டுவிட்டு நரம்புச் செல்லின் சவ்வுக்கு வாருங்கள். ஓய்வு நிலையில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட அந்த அளவு எதிர்மின் தன்மையோடு இருக்கும்.

இந்த இடத்தில் மின்கலம், பேட்டரி என்ற வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தொழில்நுட்ப ஆங்கிலத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பக்கம்கூடச் சரியாகப் படிக்க முடியாது. கண்டிப்பான வழக்கில், இரண்டு மின்முனைகளும் ஒரு மின்பகுளியும் கொண்ட ஒற்றை அலகே செல். பல செல்களை இணைத்த தொகுப்பே பேட்டரி. நாம் பேட்டரி என்று சொல்லி வாங்கும் ஏஏ உருளை உண்மையில் ஒற்றைச் செல்தான். 12 வோல்ட் வாகன பேட்டரிக்குள் 2 வோல்ட் செல்கள் ஆறு தொடராக உள்ளன. மடிக்கணினியின் விவரத்தாளில் ‘6 செல், 11.1 வோல்ட்’ என்றிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறும் தொடராக இருந்தால் 22.2 வோல்ட் வர வேண்டும்; 11.1 வருகிறதென்றால் மூன்று 3.7 வோல்ட் செல்கள் தொடராகவும், அப்படிப்பட்ட இரண்டு வரிசைகள் பக்க இணைப்பாகவும் உள்ளன என்று பொருள். சொல்லின் பொருளை உறுதிசெய்துகொண்டால் கருவியின் உள்ளமைப்பையே திறக்காமல் படித்துவிட முடிகிறது.

நான்காம் படி: இரட்டை முகத்தொடர்களைத் தனியே தெரிந்துகொள்ளுங்கள்

மேற்கண்ட மூன்று படிகளும் பெரும்பாலான இடங்களைத் தீர்த்துவிடும். மீதமுள்ள இடர்ப்பாடு, ஒரே கூட்டுச்சொல் இரண்டு துறைகளில் இரண்டு பொருளோடு நிலைபெற்றிருக்கும் இடங்களில் வருகிறது. அகராதி இவற்றில் ஒரு பொருளை மட்டும் தரக்கூடும் என்பதால், இவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

‘பிரைமரி செல்’ என்பது இவற்றில் தலையாயது. மின்வேதியியலில் அது ஒருமுறை பயன்படுத்தித் தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்ற முடியாத மின்கலம். அதற்கு இணையாக, மின்னேற்றத்தக்கது ‘செகண்டரி செல்’. உயிரியல் ஆய்வகத்திலோ, உடல் திசுவிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்து வளர்க்கப்படும் செல்களைப் பிரைமரி செல்கள் என்பார்கள். அவை குறிப்பிட்ட அளவு பிரிந்தபின் நின்றுவிடும் இயல்புடையவை. தொலைத்தொடர்பில் பல அலைவரிசைகளை ஒருங்கே சேர்த்துத் தரவு அனுப்பும் முறையில், கருவி முதன்மையாக இணைந்துள்ள செல்லும் பிரைமரி செல்லே. கூடுதலாகச் சேர்க்கப்படுபவை செகண்டரி செல்கள். மூன்று துறைகள், ஒரே தொடர், மூன்று பொருள்கள்.

‘மெமரி செல்’ என்பது மின்னணுவியலில் ஒரு பிட்டையோ சில பிட்டுகளையோ தேக்கிவைக்கும் நுண்சுற்று. கணினியின் டிராம் நினைவகத்தில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது ஒரு செல். மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் அதைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நோயெதிர்ப்பியலில் அதே தொடர், ஒருமுறை தாக்கிய கிருமியை நினைவில் கொண்டிருந்து மறுமுறை விரைந்து செயல்படும் வெள்ளையணுக்களைக் குறிக்கிறது. மூளையைப் பற்றிய கட்டுரையில் இத்தொடர் வந்துவிட்டால் இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஏதோ இருப்பதாகத் தோன்றும். எனவே கட்டுரை கிருமியைப் பேசுகிறதா, பிட்டுகளைப் பேசுகிறதா, நரம்பைப் பேசுகிறதா என்று தலைப்பையும் முதல் பத்தியையும் திரும்பப் பாருங்கள்.

‘செல் ஸ்ப்ளிட்டிங்’ என்பது உயிரியல் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் தொலைத்தொடர்பைச் சேர்ந்தது: பயனர்கள் பெருகிவிட்ட ஒரு பரப்பைச் சிறு பரப்புகளாகப் பிரித்துப் புதிய நிலையங்கள் அமைப்பது. ‘செல் கவுண்ட்’ என்பது இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அணுக்களின் எண்ணிக்கை. மின்வாகனத்தின் விவரத்தாளில் தொகுப்பிலுள்ள மின்கலங்களின் எண்ணிக்கை. ‘செல்களை இணைத்தல்’ என்பது விரிதாளில் கட்டங்களை ஒன்றாக்குவது. உயிரியலில் இரு செல்கள் ஒன்றாகக் கலப்பதற்கு வேறு சொல் உண்டு.

ஐந்தாம் படி: தமிழில் எழுதும்போது முடிவெடுங்கள்

படித்துப் புரிந்துகொள்வதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டால் இந்தப் படியைத் தாண்டலாம். எழுத வேண்டியிருந்தால், தமிழில் இச்சொல்லுக்கு ஒரு கூடுதல் இடர்ப்பாடு உள்ளது: ‘செல்’ நம் மொழியின் வினையடியும் ஆகும், கறையானுக்கும் அதுவே பெயர், ‘செல்லரித்த ஏடு’ என்கிறோம். ‘செல் வழியே செல்லும் அயனிகள்’ போன்ற தொடர் வாசகரை ஒருகணம் நிறுத்திவிடும். இயன்ற இடத்தில் ‘செல்கள்’ என்று பன்மையில் எழுதுவதும், வாக்கியத்தின் முதற்சொல்லாக ஒருமையில் வைக்காமலிருப்பதும் எளிய தீர்வுகள்.

துறைக்குத் துறை வேறு சொல்லைத் தேர்ந்துகொள்வதையே நான் வற்புறுத்துவேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரித்தெழுத நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. உயிரியலுக்குப் பாடநூல் நடையில் ‘செல்’, பொது வாசகருக்கு ‘உயிரணு’, இரத்தத்துக்குச் ‘சிவப்பணு’, ‘வெள்ளையணு’, மின்வேதியியலுக்கு ‘மின்கலம்’, படிகவியலுக்கு ‘அலகுக்கூடு’, விரிதாளுக்குக் ‘கட்டம்’ அல்லது ‘சிற்றறை’, சிறைக்குக் ‘கொட்டடி’. தொலைத்தொடர்புக்கு மட்டும் ‘செல்’ என்பதையே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும்போது ‘ஒரு கோபுரத்தின் அலை எட்டும் பரப்பு’ என்று விளக்கிவிடுவது தெளிவாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் உயிரியல் செல்லுக்குக் ‘கலம்’ என்றே வழங்குகிறது. ஆகவே ‘கலம்’ என்று தனியே எழுதாமல் ‘மின்கலம்’ என்று முழுமையாக எழுதினால் எல்லா வாசகருக்கும் ஐயமின்றிப் புரியும். தேர்ந்த சொல்லைக் கட்டுரை முழுவதும் மாற்றாமல் பயன்படுத்துங்கள்; அழகுக்காக ஒரு பத்தியில் உயிரணு, மறுபத்தியில் செல் என்று மாற்றி எழுதினால், இரண்டும் வேறுவேறு என்று புதியவர் நினைத்துவிடுவார்.

ஆறாம் படி: கடினமான பத்தி ஒன்றில் பழகிப் பாருங்கள்

பழகிப் பார்ப்பதற்கு நுண்ணுயிர் எரிபொருள் மின்கலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நுண்ணுயிரிகளைக் கொண்டு மின்னோட்டம் பெறலாம் என்பதை 1911-இல் எம்.சி. பாட்டர் காட்டினார். இந்த அமைப்பில், ஆனோடு எனப்படும் மின்முனையில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைச் சிதைத்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியே கேதோடு எனப்படும் மறு மின்முனைக்குப் போக, புரோட்டான்கள் இடையிலுள்ள சவ்வு வழியே அதே முனைக்கு வந்துசேர்கின்றன. பாக்டீரியாவும் செல், அது வாழும் கருவியும் செல், அளவுகளைப் பதியும் விரிதாளிலும் செல்.

ஓர் ஆய்வறிக்கையில் இப்படி ஒரு பகுதி வருவதாகக் கொள்வோம்: ‘மூன்றாம் நாளில் செல் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு பத்து கோடியாக உயர்ந்தது, செல் மின்னழுத்தம் 0.5 வோல்ட்டை எட்டியது. செல் சவ்வின் தடிமன் 183 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு செல்லிலும் ஒரு மணிநேரச் சராசரி தரப்பட்டுள்ளது.’

முதலில் அலகுகளை அடிக்கோடிடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து கோடி என்றால் எண்ணப்படுபவை பாக்டீரியாக்கள். வோல்ட் என்றதும் கருவி முழுவதும் பேசப்படுகிறது என்று தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தில்தான் பலரும் இடறுவார்கள், ஏனெனில் ‘செல் சவ்வு’ என்ற தொடர் பள்ளிக்காலம் முதல் உயிரியலில் பழகியது. ஆனால் பாக்டீரியாவின் சவ்வு பத்து நானோமீட்டரைத் தாண்டாது. பாக்டீரியாவே ஓரிரு மைக்ரோமீட்டர் நீளந்தான். 183 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வு அதற்குள் இருக்க வழியே இல்லை. அது இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே வைக்கப்பட்டுள்ள, புரோட்டான்களைக் கடத்தும் பாலிமர்த் தாள். ‘நேஃபியான் 117’ என்ற வகைத் தாளின் தடிமன் இதுவே. மூன்றாவது வாக்கியத்தில் சராசரியைத் தாங்கி நிற்பது அட்டவணையின் கட்டம்.

இப்போது தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘மூன்றாம் நாளில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து கோடியாக உயர்ந்தது, மின்கலத்தின் மின்னழுத்தம் 0.5 வோல்ட்டை எட்டியது. மின்முனைகளைப் பிரிக்கும் சவ்வின் தடிமன் 183 மைக்ரோமீட்டர். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மணிநேரச் சராசரி தரப்பட்டுள்ளது.’ மூலத்தில் நான்கு முறை வந்த சொல் இங்கே ஒருமுறைகூட வரவில்லை. அது குறித்த பொருள்களில் ஒன்றும் விடுபடவில்லை.